கழுத்து வரைக்கும் வாகினி

செத்த வீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, முப்பத்தொரு நாள். அதில் இருபத்திரண்டாம் நாள், அதுவும் வெள்ளிக்கிழமை பார்த்து, தாயைப் பறிகொடுத்த ஒரு பெண் கூறைச் சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, கழுத்தில் தாலிக்கொடியோடு மாத்தளை டவுனில் நடுரோட்டைக் கடந்து போனாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்றார்கள் சிலர். இத்தனை வருஷமும் தாய்தான் தடையாக இருந்தாளாம், அவள் கண்ணை மூடியதும் மகள் காரியத்தை முடித்துக்கொண்டாளாம் என்றார்கள் வேறு சிலர். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் பேசும். ஏன் போனாள் என்று அவளிடம் கேட்க மட்டும் ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

அவள் பெயர் வாகினி. வயது முப்பத்தெட்டு. மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், பலாபத்வலையில் வீடு. கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா, அவள் என்று வீட்டில் மூன்றே பேர். அதில் அம்மா தவமணிதேவி மூன்று கிழமைக்கு முன் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அப்பா இராஜசிங்கம் நீர்ப்பாசனக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் எனக்கு இது வேண்டும் என்று எதையும் கேட்டறியாத மனுஷன். கறியில் உப்பில்லை என்றால்கூட வாய் திறக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் எட்டாம் நாள் காரியம் முடிந்த அன்று மகளைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னால் தவமணியின் படம் ஒன்று சுவரில் இருக்க வேண்டும். பொட்டும் பூவும் தாலியுமாக இருக்க வேண்டும். சுமங்கலியாகப் போனவள், படத்திலாவது அப்படியே இருக்கட்டும். கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

கேட்டது சின்ன விஷயம்தான். ஆனால் அம்மாவின் படம் என்று ஒன்று இருந்தால்தானே?

கல்யாண ஆல்பம் எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எரிந்து போயிற்று. அன்று உடுத்த துணியோடு ஓடியதில் தப்பியது, தலையணை உறைக்குள் திணித்துக்கொண்ட கூறைச் சேலையும் அம்மாவின் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியும்தான். அதற்குப் பிறகு எடுத்த படம் எதிலும் அம்மா ஒழுங்காக இல்லை. போனில் தேடினால் ஒன்றில் அவளுடைய பாதி முதுகு, இன்னொன்றில் முகத்துக்கு முன்னால் நீட்டிய உள்ளங்கை. கடைசியாக எடுத்த நாலைந்தில் மூக்கில் குழாய். தேடத் தேட வந்ததெல்லாம் வாகினிதான். அல்மாரியைத் திறந்தால் வாகினி, மேசை லாச்சியை இழுத்தால் வாகினி, நீலச் சேலையில் ஒரு வாகினி, மாம்பழ நிறத்தில் ஒரு வாகினி. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப என்று பதினோரு வருஷத்தில் ஏழு தரம் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தவை. அனுப்பிய படங்களில் பாதி திரும்பி வரவில்லை. வந்த பதில்களும் ஒன்றும் உருப்படியாக இல்லை.

அந்த ஏழு தரமும் கூடவே போனவள் அம்மா. மகளின் சேலை மடிப்பை நீவி, பவுடர் கூடிப்போச்சா குறைஞ்சு போச்சா என்று தள்ளி நின்று பார்த்து, கமரா முன்னால் உட்கார வைப்பாள். ஸ்டூடியோக்காரன் நுஹ்மான் ஒவ்வொரு தரமும், அன்ட்டி நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பான். அம்மாவுக்கு ஒரே பதில்தான். "நான் இவ கல்யாணத்தன்னிக்கு இவ பக்கத்துல நின்னு எடுத்துக்கிறேன் தம்பி." கோயிலுக்கு நேர்ந்துகொண்டதுபோல அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது தரம் வாகினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அந்தக் கல்யாணம் நடக்கப் போறதில்லம்மா. எடுக்கிறதுன்னா இப்பவே எடுத்துத் தொலைங்க" என்று அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் கத்தினாள். அம்மா எடுக்கவில்லை. பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அதற்குப் பிறகு ஸ்டூடியோ என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அன்றைக்கு அதையே கொஞ்சம் தணிவாகச் சொல்லியிருந்தால் இன்றைக்குச் சுவரில் அம்மா இருந்திருப்பாள். பிள்ளை கூப்பிடுகிறாளே என்று வந்து நின்றிருப்பாள். இந்த நினைப்பு வாகினியை இரவும் பகலும் தின்றது. அப்பா கேட்டது அப்பாவுக்கு ஆசை. அவளுக்கு அது கடன், தீர்த்தே ஆக வேண்டிய கடன்.

கடைசியில் அகப்பட்டது அம்மாவின் அடையாள அட்டை. தொண்ணூற்றாறில் எடுத்தது. கறுப்பு வெள்ளை, பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய முகம். அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் நுஹ்மானிடம் போனார்கள்.

நுஹ்மான் கைதேர்ந்தவன். முகம் ஒன்று கிடைத்தால் போதும், மிச்சத்தைக் கம்பியூட்டரில் ஒட்டிவிடலாம் என்றான். அவனுக்கு அது அன்றாட வேலை. கோட் இல்லாதவனுக்குக் கோட் போடுவான், சாரத்தோடு செத்தவருக்குப் பட்டு வேட்டி உடுத்துவான். சேலை கட்டிய உடம்புகளாகவே நாற்பது ஐம்பது சேமித்து வைத்திருந்தான். ஒன்றுக்கும் முகம் கிடையாது. கழுத்து, நகை, தாலி எல்லாம் தயார். ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டிக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டான். பார்த்துக்கொண்டே வந்த இராஜசிங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் யார் யாரோட பெண்சாதியோ தம்பி. இன்னொருத்தியோட கழுத்தைக் கொண்டுபோய் என் வீட்டுச் சுவருல மாட்டச் சொல்றீங்களா?"

நுஹ்மானுக்குச் சுருக்கென்றது. பிழைதான் சேர் என்றான். வேறு வழி ஒன்று இருக்கிறது என்றான். வீட்டில் யாராவது அன்ட்டியின் சேலையையும் தாலியையும் போட்டு வந்து உட்கார்ந்தால், அந்த உடம்பில் அன்ட்டியின் முகத்தை வைக்கலாம். அட்டையில் இருக்கிற முகத்துக்கு முப்பத்தெட்டு வயது. உட்காருகிறவருக்கும் அந்த வயது இருந்தால்தான் கழுத்து பொருந்தும். இதைச் சொல்லும்போது அவன் வாகினியின் பக்கம் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டான்.

"நான் உக்கார்றேன்" என்றாள் வாகினி.

எப்படி வர வேண்டும் என்று நுஹ்மான் விளக்கினான். அட்டையில் நடு வகிடு, ஆகவே நடு வகிடு எடுக்க வேண்டும். காது இரண்டும் வெளியே தெரிய வேண்டும். கழுத்தில் வியர்வையும் மினுக்கமும் கூடாது, பவுடரை மட்டாகப் போட்டு ஒற்றிக்கொள்ள வேண்டும். சேலை தோளில் தூக்கி நிற்கக் கூடாது, தாலி நடு நெஞ்சில் விழ வேண்டும். "முகத்துக்கு ஒண்ணும் செய்யத் தேவையில்ல மிஸ். முகம் எப்படியும் போயிரும்" என்று முடித்தான். தொழில்காரன் தொழில் பேச்சுப் பேசினான், அவ்வளவுதான். வாகினி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் அத்தை குதித்தாள். இராஜசிங்கத்தின் அக்கா, காரியத்துக்காக வந்து தங்கியிருந்தவள். துடக்கு வீட்டுப் பிள்ளை பூ வைப்பதா, பட்டு உடுத்துவதா? அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கல்யாணமாகாத பெண் கழுத்தில் செத்துப்போன தாயின் தாலியா? அப்புறம் இவள் கழுத்தில் இன்னொரு தாலி ஏறுமா என்று கேட்டாள். வாகினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு படத்துக்கு ஏறாத தாலி இந்த எட்டாவது படத்தாலா ஏறாமல் போகப் போகிறது என்றாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். அப்பா ஒரு பக்கமும் பேசவில்லை. அல்மாரியிலிருந்து கூறைச் சேலையையும், லேஞ்சியில் முடிந்து வைத்திருந்த தாலிக்கொடியையும் எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தார். சவப்பெட்டியை மூடுமுன் அம்மாவின் கழுத்திலிருந்து அவர் கையாலேயே கழற்றியது.

ஸ்டூடியோவுக்கு எதிர்ச் சாரியில் ஜெஸீமாவின் மணப்பெண் அலங்காரக் கடை. ஏழு தரமும் வாகினியை ஜோடித்துவிட்டவள் அவள்தான். வாகினி அவளை ராத்தா என்பாள், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மையத்து வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவள். வெள்ளிக்கிழமை காலையில் வாகினி வந்து விஷயத்தைச் சொன்னதும், வேறு கேள்வி கேட்காமல் கதிரையைத் திருப்பிப் போட்டாள். அப்பா வாசலில் வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

ஜெஸீமா நடு வகிடு எடுத்து வாரிக் கொண்டை போட்டாள். பூச்சரத்தைச் சுற்றினாள். கூறையின் மடிப்பு நாற்பது வருஷம் மடித்த இடத்திலேயே நின்றது. அதை ஆவி காட்டி நீவி, கொசுவம் வைத்து, தோளில் ஊசி குத்தினாள். பிறகு முகத்துக்கு வந்தாள். வேண்டாம் ராத்தா, முகத்தை வெட்டிவிடுவார்களாம் என்றாள் வாகினி. ஜெஸீமாவின் கை நின்றது.

"அவன் வெட்டுறது அவன்ட வேல. முகமில்லாத புள்ளைக்கு ஜோடிக்க எனக்குத் தெரியாது" என்றாள்.

சொன்னவள் செய்தாள். ஏழு தரத்தில் ஒரு தரமும் செய்யாத மாதிரிச் செய்தாள். புருவத்தை ஒழுங்குபடுத்தி, கண்ணுக்கு மை தீட்டி, அழுது அழுது வீங்கியிருந்த இமைகளின் மேல் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றி, உதட்டுக்கு மெல்லிய சிவப்புப் பூசி, கடைசியாகக் குங்குமத்தை வட்டமாக வைத்தாள். அம்மா இருந்திருந்தால் தள்ளி நின்று பார்த்து ஏதாவது குறை சொல்லியிருப்பாள். யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் வாகினிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

தாலிக்கொடி கொண்டைக்கு மேலால் இறங்கவில்லை. சுரையைத் திருகிப் பிரித்துப் பின்கழுத்தில்தான் பூட்ட வேண்டும். வாகினி கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தாள், சுரை பிடிபடவில்லை. தகப்பன் மகளுக்குத் தாலி பூட்டலாமா? அத்தை இந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்றுவிட்டாள். வாகினி கொடியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"தா புள்ள" என்று ஜெஸீமா கையை நீட்டினாள். "எங்க கையில இதுக்கு ஒரு குத்தமும் வராது."

மற்றப் பெண்களுக்கு இந்த நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவார்கள், நாலு பக்கமிருந்தும் அரிசி விழும். வாகினிக்கு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. சுரை இறுகியதும் கொடியின் பாரம் கழுத்தில் இறங்கியது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தவள் பார்த்துவிட்டாள். அழகாக இருந்தாள். பாவி மகள், அன்றைக்கென்று அவ்வளவு அழகாக இருந்தாள்.

இனி ரோட்டைக் கடக்க வேண்டும். முப்பது அடி தூரம் இருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை, முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக ரோடு நிறைந்திருந்தது. அப்பா முன்னால் நடந்தார், மகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்டி பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தெரிந்த முகங்கள் தெரியாததுபோல் திரும்பிக்கொண்டன. எதிரே அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு பழைய டீச்சர் மட்டும், நாலாம் வகுப்பில் வாகினிக்குப் படிப்பித்தவள், வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பல்லேகமையில் மகன் வீட்டோடு போய் இருப்பவள். அவளுக்குச் சாவுச் செய்தி போய்ச் சேரவில்லை. தாலியைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், கிழவியின் கண் கலங்கிவிட்டது.

"தவமணி ஆசை நிறைவேறிருச்சு பாத்தியா? எங்க அவ?"

நின்ற இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது வாகினிக்கு. ஸ்டூடியோவைக் காட்டினாள்.

"உள்ள இருக்காங்க டீச்சர்."

டீச்சர் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் பஸ் பிடிக்க வேண்டும், பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லு என்று போனாள்.

ஸ்டூடியோவில் நுஹ்மான் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் கமராவைத் துடைக்கிறவன்போல் திரும்பி நின்றான். பிறகு வேலையில் இறங்கினான். அட்டைப் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது, அதே பக்கம் விளக்கை நகர்த்தினான். தோளைத் தளர்த்தச் சொன்னான். தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னான். வழக்கமாக, சிரிங்க மிஸ் என்பான், இன்று சொல்லவில்லை. வாகினி அவளாகவே லேசாகச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பத்துப் பன்னிரண்டு எடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்து கம்பியூட்டரில் பெரிதாக்கினான். முகத்தைச் சுற்றிக் கோடு வளைத்துக்கொண்டு வந்தான். நெற்றி, காதோரம், தாடை. கோடு சுற்றி வந்து சேர இன்னும் ஒரு விரற்கடை இருக்கும்போது இராஜசிங்கம் கதிரையை விட்டு எழும்பினார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. வெட்டாதீங்க."

ரோட்டிலும் கடையிலும் மகளைப் பார்க்க முடியாமல் குனிந்தே வந்த மனுஷன் திரைக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். கூறையும் தாலியும் பொட்டும் சிரிப்புமாக அவருடைய மகள். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது இப்படியே இருக்கட்டும்" என்றார். "இதையே மாட்டலாம். இதைப் பாக்கத்தானே அவ கிடந்து தவிச்சா. பாக்காமலே போயிட்டா."

நுஹ்மான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு வாகினியைப் பார்த்தான். ஏழு படத்தையும் பார்த்து, வேண்டாம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர். முதன்முதலாக ஒருவர் அவள் முகம் வேண்டும் என்கிறார், அதைக் கொடுக்க அவளால் முடியவில்லை. ஆமாம் அப்பா, இதையே மாட்டுவோம் என்று சொல்லத்தான் வாய் துடித்தது. பொய் என்றாலும் சுவரில் ஒரு தரம் கல்யாணப் பெண்ணாக இருந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தது. அந்த ஆசை வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அப்பா, நான் உசிரோடதானே இருக்கேன்" என்றாள். "என் முகத்தை நீங்க நாளைக்கும் பாக்கலாம், நாளன்னைக்கும் பாக்கலாம். அம்மாவை எங்க போய்ப் பாப்பீங்க?"

இராஜசிங்கம் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"நீங்க வெட்டுங்க நுஹ்மான்" என்றாள் வாகினி.

வெட்டினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வாகினி மூடவில்லை. கூறையும் தாலியும் பூவும் அப்படியே இருக்க, நடுவில் முகம் இருந்த இடம் வெறுமையாக நின்றது. பிறகு அட்டையிலிருந்து அம்மா வந்தாள். முதலில் சாம்பல் நிறமாக வந்தாள். நுஹ்மான் கொஞ்சம் கொஞ்சமாக நிறமேற்றினான், உதட்டைச் சரி செய்தான், வாகினி நெற்றியின் பொட்டை எடுத்து அம்மாவின் நெற்றியில் வைத்தான். முக்கால் மணி நேரம் போயிருக்கும். அரசாங்கத்துக்குப் படம் எடுக்கிற பயத்தில் சற்று மிரண்ட கண்கள், ஒட்டிய கன்னம், அம்மாவேதான்.

"அவதான்" என்றார் இராஜசிங்கம். கொஞ்சம் கழித்து மறுபடியும், "அவதான்" என்றார்.

நுஹ்மான் தயங்கித் தயங்கி, மிஸ்ஸின் முகத்தோடு இருக்கிற மூலப் படத்தையும் வைத்துக்கொள்ளவா என்று கேட்டான். அப்பாவுக்குக் கேட்காதபடி, அழித்துவிடச் சொன்னாள். அவன் அழித்தான். அழித்ததைக் காட்டவும் செய்தான்.

இந்தக் கோலத்தோடு மறுபடியும் ரோட்டில் இறங்க அவளால் முடியாது. பூவைப் பிய்த்துக் கூடையில் போட்டாள். பொட்டை விரலால் அழித்தாள். கொடியைப் பிடித்து இழுத்தாள், அது எங்கே வரும்? ஜெஸீமா இறுக்கித் திருகியிருந்தாள். எதிர்க்கடைக்குப் போய் அவளைக் கூப்பிடலாம் என்றால், அங்கே இப்போது நாளைக்கு நிக்காஹ் நடக்கப்போகிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நுஹ்மானைக் கேட்க முடியுமா? அவன் ஏற்கெனவே உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"தாலியைக் கழட்டி விடுங்கப்பா" என்றாள்.

இராஜசிங்கம் மகளுக்குப் பின்னால் வந்து நின்றார். சுரையைத் தொட்டார். விரல் வழுக்கியது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டார். அப்புறம் அவருக்கு முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் மகள் கேட்டறியாத ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

"ஒரே மாசத்துல தாயும் மகளுமா ரெண்டு கழுத்துல கழட்ட வச்சிட்டீங்களேம்மா."

"அவசரமில்லப்பா. மெதுவா கழட்டுங்க" என்றாள் வாகினி. அவருக்கு எட்டும்படி கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.